நிலை கழற்றிய வீடு

ஒரு வீட்டின் வாசல் நிலையைக் கழற்றச் சொன்னது நான்தான். வேறு யாரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் எவ்வளவு நியாயம் பேசினாலும் இது மறைந்துவிடக் கூடாது. நியாயம் பேசுவதில் எனக்கு எப்போதுமே குறை இருந்ததில்லை.

போடியிலிருந்து குரங்கணி போகிற சாலையில், ஊர் முடிகிற இடத்தில் இருக்கிறது எங்கள் வளவு. அப்போது இருபத்து மூன்று வீடுகள். வீடுகள் எங்களுடையவை, தரை எங்களுடையது இல்லை. தரை, ஊருக்குள் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் ஒரு குடும்பத்துக்குச் சொந்தம். வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால், "அப்போ சொந்த வீடா, வாடகை வீடா?" என்று கேட்பார்கள். இரண்டும்தான். சுவர், கூரை, கதவு, சன்னல் எல்லாம் எங்கள் காசில் நாங்கள் வைத்தது. ரேஷன் கார்டு, கரண்டு பில்லு எல்லாம் எங்கள் பேரில். வீடு நிற்கிற மண்ணுக்கு மட்டும் மாதாமாதம் தரை வாடகை கட்ட வேண்டும்.

அந்த வாடகையை யாரும் குறை சொன்னதில்லை. ஒரு வருட வாடகையைச் சேர்த்து வைத்தாலும் ஒரு கிலோ நல்ல ஏலக்காய் வாங்க முடியாது, அவ்வளவுதான். வயிற்றெரிச்சல் எல்லாம் வீட்டை விற்கும்போதுதான். யாருக்கு விற்றாலும், என்ன விலைக்கு விற்றாலும், கிரயத்தில் பத்துக்கு ஒன்று தரைக்காரருக்குப் போக வேண்டும்.

அந்தக் குடும்பத்துப் பெரிய முதலாளி இருந்தவரை அதை யாரும் அநியாயம் என்று சொன்னதில்லை. விடியுமுன் ஜீப்பில் ஏறி மலைக்குப் போய் இருட்டியபின் இறங்குகிற பெண்கள், தங்கள் வீட்டை வாங்க ஆள் தேடி எங்கே போவார்கள்? அவரே தன் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிவைத்து ஆள் பிடிப்பார். குடிகாரனாக இருந்தால் கூட்டிவர மாட்டார். விலை பேசுவதும், முன்பணம் வாங்கித் தருவதும், மிச்சப் பணத்துக்குப் பொறுப்பேற்பதும் அவர்தான். ஒருமுறை வாங்கியவன் பாதிப் பணத்தோடு மலையாளக் கரைக்கு ஓடிப்போனான். பாக்கியை முதலாளி தன் கையிலிருந்து கொடுத்தார். அதனால் அந்தப் பத்துக்கு ஒன்றை எங்கள் ஆட்கள் கூலி என்றுதான் சொன்னார்கள். உழைத்தார், வாங்கினார்.

அவர் போன பிறகு மகன் வந்தார். சின்ன முதலாளி கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகும். மரியாதையாகப் பேசுவார். ஆனால் ஆள் தேட மாட்டார், விலை பேச மாட்டார், வளவுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். ஆள் தேடுவது நாங்கள். போனில் படம் எடுத்துப் பத்துப் பேருக்கு அனுப்பி, வந்தவனுக்கெல்லாம் காப்பி ஊற்றிக் கொடுத்து, பேரம் பேசி முடிப்பதும் நாங்கள். கடைசியில் கடைக்குப் போய் அவரிடம் ஒரு கையெழுத்து வாங்க வேண்டும். அந்தக் கையெழுத்துக்குப் பத்துக்கு ஒன்று. நான் சீட்டுப் போட்டு என் வீட்டில் டைல்ஸ் ஒட்டினேன், பின்னால் கக்கூஸ் கட்டினேன். நாளைக்கு விற்றால் என் டைல்ஸிலும் என் கக்கூஸிலும் அவருக்குப் பங்கு. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். குழாயடியிலும் வாசலிலும் நின்று இதையே பேசுவேன். "நீ பேசுறதுக்கு ஆளுக்கு அஞ்சு ரூவா வசூலிச்சா நாம இந்தத் தரையவே வாங்கிரலாம்" என்பார் என் வீட்டுக்காரர்.

எனக்கு அந்தப் பேச்சுக்குத் தைரியம் கொடுத்தது என் வேலை. போடியில் ஒரு பத்திர எழுத்தரிடம் பல வருடங்களாகத் தட்டச்சு செய்கிறேன். கிரயம், பாகப்பிரிவினை, தானம், ரத்து என்று தினமும் என் விரல் வழியே ஓடுகிற சொற்கள் எனக்குள் இறங்கி, சட்டமே தெரிந்துவிட்டதாக ஒரு நினைப்பு. வளவில் யாருக்கு என்ன தாள் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். அது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மதினி என் பக்கத்து வீடு. உறவு ஒன்றும் கிடையாது. எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரே சுவர், அவ்வளவுதான். நான் கல்யாணமாகி வந்த அன்று முதல் கூப்பிட்ட முறை அது. கணவர் இளவயதிலேயே போய்விட்டார். முப்பது வருடமாக ஏலத்தோட்டத்தில் காய் எடுத்தாள். ஏலக்காய் செடியின் தலையில் காய்ப்பதில்லை. தூரில், மண்ணை ஒட்டிக் காய்க்கும். நாள் முழுக்கக் குத்துக்காலிட்டு, சேற்றில் நகர்ந்து நகர்ந்துதான் எடுக்க வேண்டும். இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு முதலில் போவது முழங்கால்தான். மதினிக்கும் போனது. போடிமெட்டில் ஜீப்பை விட்டு இறங்கும்போது ஒருநாள் கால் மடங்கி உட்கார்ந்தவள்தான், அதற்குப் பிறகு மலைக்குப் போகவில்லை.

ஒரே மகள் சிலமலையில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மருமகன் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வைத்து விவசாயம் செய்கிறவர். "எங்கூட வந்துரும்மா" என்று மகள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அந்த வீட்டில் ஒரு கூடம், ஓர் அடுப்படி, இரண்டு பிள்ளைகள். மதினி யோசித்தாள். யோசித்து அவளாகவே ஒரு முடிவுக்கு வந்தாள். இங்கே உள்ள வீட்டை விற்பது, அந்தப் பணத்தில் மகள் வீட்டை ஒட்டி ஓர் அறை கட்டுவது, அதில் போய் இருப்பது.

"மக வீட்டுக்குப் போறேன்னு சொல்ல மாட்டேன், ஆத்தா. என் ரூமுக்குப் போறேன்னுதான் சொல்லுவேன்" என்றாள் என்னிடம்.

அந்த அறையை அவள் பேசிப் பேசியே கட்டினாள். கட்டில் எந்தச் சுவர் ஓரம், பெட்டி எந்த மூலை, ஒரு கேஸ் அடுப்பு வைக்க எவ்வளவு திண்டு. தனி வாசல் வேண்டும், கூடத்தைத் தாண்டி உள்ளே போகிற மாதிரி இருக்கக் கூடாது என்பதில் ஒற்றைக் காலில் நின்றாள். தனக்கென்று ஓர் அடுப்பு, தனக்கென்று ஒரு வாசல். யார் வந்தாலும் தன் கையால் ஒரு வாய்க் காப்பி கொடுக்க வேண்டும். கேட்டதே அவ்வளவுதான். மருமகனும் ஒத்துக்கொண்டு, கொத்தனாரைக் கூட்டிவந்து அளந்து பார்த்தார். இரண்டு லட்சத்து எண்பத்தைந்தாயிரம் ஆகும் என்றார் கொத்தனார்.

வீட்டுக்கு ஆளும் வந்தார். போடிமெட்டுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் டிரைவர் ஒருவர். மதினியை வருடக்கணக்காக மலைக்கு ஏற்றிப்போனவர், நல்ல மனிதர். மூன்று லட்சத்துக்கு முடிந்தது. இருபதாயிரம் முன்பணம் கொடுத்தார். அந்தப் பணத்தை மதினி அப்படியே மருமகனிடம் கொடுத்தாள், அவர் செங்கல் இறக்கிவிட்டார். எல்லாம் வெரசாக நடந்தது.

மூன்று லட்சத்தில் பத்துக்கு ஒன்று போனால் மிச்சம் இரண்டு லட்சத்து எழுபது. பதினைந்தாயிரம் துண்டு விழுகிறது. பூச்சு வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றாள் மதினி. அவள் கொடுத்துவிட்டுப் போகத்தான் தயாராக இருந்தாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. முப்பது வருடம் சேற்றில் உட்கார்ந்து எடுத்த காசில் காப்பாற்றிய வீடு. ஆள் பிடித்தது அவள், பேசியது அவள். முப்பதாயிரத்தைச் சும்மா தூக்கிக் கொடுப்பதா? நான் போய்ப் பேசுகிறேன் என்று கிளம்பினேன்.

சின்ன முதலாளி கடையில் ஆட்கள் காய் பிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு நாற்காலி போடச் சொன்னார், டீ வாங்கிவரச் சொன்னார். நான் அவர் அப்பா காலத்துக் கதையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு அவர் பக்கத்தைச் சொன்னார். அப்பா காலத்து வாடகையைத்தான் இன்றைக்கும் வாங்குகிறாராம். அதே சாலையில் வெறும் இடத்துக்கு எவ்வளவு வாடகை என்று விசாரித்துப் பாருங்கள் என்றார். அவருடைய சித்தப்பா மகன்களெல்லாம் வளவைக் காலி செய்து பிளாட் போடச் சொல்லி நச்சரிக்கிறார்களாம். எப்போதோ ஒரு வீடு கைமாறும்போது வருகிற இந்தப் பணத்தைக் காட்டித்தான் அவர்கள் வாயை அடைக்கிறாராம்.

"பங்கு வேண்டாம்னா விட்டுர்றேன்க்கா. இருபத்து மூணு வீட்டுக்கும் வாடகைய ஏத்திக்கிறேன். எது வேணும்னு எல்லாரையும் கேட்டுச் சொல்லுங்க."

இன்றைக்கு யோசித்தால் அது கேட்கத் தகுந்த கேள்விதான். மாதாமாதம் எல்லாரும் கொஞ்சம் கூடக் கொடுப்பதா, விற்கிறவர் தலையில் மொத்தமாக விழுவதா? எது நியாயம் என்று இருபத்து மூன்று வீட்டையும் கூட்டி உட்காரவைத்துப் பேசியிருக்க வேண்டும். பாதிக்குப் பாதி என்று ஒரு வழிகூடப் பிறந்திருக்கலாம். நான் அதைச் செய்யவில்லை. வாடகை ஏறும் என்று போய்ச் சொன்னால் வளவே என்மேல் பாயும் என்று தெரியும். அந்தப் பயம் ஒருபக்கம், அவரிடம் வாயடைத்துப்போய் வந்த அவமானம் ஒருபக்கம். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

அன்று வழியெல்லாம் புகைந்துகொண்டே நடந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

எங்கள் வளவில் ஒரு பழக்கம் உண்டு. யாராவது வீடு கட்டினால், வாசல் நிலை வைக்கிற அன்று தரைக்காரரைக் கூப்பிடுவார்கள். அவர் வந்து நிலைக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்து, வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு போவார். அன்றிலிருந்துதான் தரை வாடகைக் கணக்கு. அதற்கு முன் அஸ்திவாரம் போட்டு ஆறு மாதம் கிடந்தாலும் வாடகை கிடையாது. நிலை நின்றால்தான் வீடு, இல்லாவிட்டால் வெறும் சுவர். எந்தத் தாளிலும் இல்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

பல வருடங்களுக்கு முன் ஒரு மழையில் கடைசி வீடு விழுந்தது. நிலையும் முறிந்து விழுந்தது. அந்த வீட்டுக்காரர் மிஞ்சிய தகரத்தையும் மரத்தையும் விற்றுவிட்டுப் பங்கைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது பெரிய முதலாளி வாங்க மறுத்துவிட்டார். நிலையே நிற்காதபோது எனக்கு எதற்குப் பங்கு என்று சொன்னார். இதை வளவே பெருமையாகச் சொல்லும். எனக்கும் அது ஞாபகம் வந்தது. அந்த இடத்தைப் பிற்பாடு அவர் வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்தார், புதிதாக நிலை வைத்தார்கள், புதிதாக வாடகை தொடங்கியது. அந்தப் பாதி என் ஞாபகத்துக்கு வரவில்லை. அதே வளவில்தான் இருந்தேன், அந்தக் குடும்பத்தோடு தினமும் பேசிக்கொண்டுதான் இருந்தேன். ஆனாலும் வரவில்லை.

மதினியிடம் போய்ச் சொன்னேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் நிலையைக் கழற்றி வைத்துவிடலாம். கூரையில் பாதித் தகரத்தையும் இறக்கிவிடலாம். வீட்டை விற்கவில்லை, பழைய சாமான்களைத்தான் டிரைவருக்கு விற்கிறோம் என்று நானே தாள் தட்டித் தருகிறேன். அப்போது அது வீடே இல்லை, பத்துக்கு ஒன்றும் இல்லை. மறுநாள் டிரைவர் நிலையைத் திரும்ப வைத்துக் குடியேறட்டும். தன் அப்பா சொன்ன வார்த்தையைச் சின்ன முதலாளியே மீற முடியுமா?

நின்ற நிலையைக் கழற்றுவது நல்லதில்லை என்று மட்டும் சொன்னாள் மதினி. அவள் புருஷன் இருந்தபோது வைத்த நிலை. நான் விடவில்லை. பயந்து பயந்துதான் நாம் இப்படிக் கிடக்கிறோம் என்றேன். முப்பதாயிரம் இருந்தால் பூச்சு வேலையும் முடியும், அடுப்புத் திண்டுக்குக் கல்லும் போடலாம் என்றேன். அந்த அடுப்புத் திண்டைச் சொல்லியிருக்கக் கூடாது. அதில்தான் அவள் மனம் இளகியது.

"நீ படிச்ச புள்ள, ஆத்தா. நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

டிரைவருக்கும் சம்மதம். அவர் என்னைத்தான் நம்பினார். என் எழுத்தர் ஐயாவிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும், எனக்கே தெரியாதா என்கிற திமிர். அந்தத் தாளை மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் இல்லாதபோது தட்டினேன்.

கொத்தனார் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். கடப்பாரையை நிலைக்கும் சுவருக்கும் நடுவில் கொடுத்து நெம்பினார். காரை உதிர்ந்தது. மேல் கட்டையில் பழைய மஞ்சள் காய்ந்து பட்டையாக ஒட்டியிருந்தது. வளவே வந்து நின்று பார்த்தது. நான்தான் நடுவில் நின்று, அங்கே பிடியுங்கள், இங்கே தாங்குங்கள் என்று அதிகாரம் செய்தேன். மதினி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு என் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தாள். நிலை வந்ததும் மேலே இருந்த சுவரில் ஒரு முழம் சரிந்து விழுந்தது. இரண்டு சட்டி சிமெண்டு போதும், நாளைக்கே பூசிவிடலாம் என்று சொல்லிக்கொண்டேன்.

நிலை கழற்றிய விஷயத்தை நானே கடைக்குப் போன் போட்டுச் சொன்னேன், தாளையும் படம் எடுத்து அனுப்பினேன். வீடு இல்லை தம்பி, சாமான்தான் விற்கிறோம், உங்கள் அப்பா காலத்து வழக்கம்தான் என்றேன். சரி, நான் வந்து பார்க்கிறேன் என்றார். அவர் வருவதற்குள் பேச வேண்டியதையெல்லாம் மனத்துக்குள் அடுக்கி வைத்துக்கொண்டேன். பங்கு கேட்டால் இதைச் சொல்வது, சத்தம் போட்டால் அதைச் சொல்வது.

மறுநாள் காலையில் வந்தார். அவர் கடைக்குப் பொறுப்பேற்ற பிறகு வளவுக்குள் கால் வைத்தது அன்றுதான். வாசல் இருந்த ஓட்டையைப் பார்த்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். பங்கு என்ற பேச்சையே எடுக்கவில்லை. மதினிதான் பதற்றத்தில் அந்த மாத வாடகையை எடுத்து நீட்டினாள். எப்போதும் கடையிலிருந்து ஆள் வந்து வாங்கிப் போகிற பணம். அவர் கையை நீட்டவில்லை.

"நிலை நிக்காத எடத்துக்கு நான் எப்பிடிம்மா வாடகை வாங்குறது?" என்றார்.

வாடகை வாங்கவில்லை என்றால் இடமும் நமக்கு இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் அடுக்கி வைத்த பேச்சு எல்லாம் பங்கைப் பற்றியது. மதினிக்குப் புரியவில்லை. வாடகை வேண்டாம் என்கிறாரே, நல்ல மனசு என்று நினைத்து அவரைக் கும்பிட்டாள். அந்தக் கும்பிடு இன்றைக்கும் என்னைத் தூங்கவிடாது.

இன்றைக்கே நிலையைத் திரும்ப வைத்துவிடுகிறோம் என்றேன். வைக்கலாம், ஆனால் புது நிலை என்றால் இடம் கொடுக்கிறவர் வந்து பொட்டு வைக்க வேண்டும் அல்லவா, நான் வருவதாக இல்லை என்றார். குரலை உயர்த்தவே இல்லை. பங்கை முழுசாகக் கொடுத்துவிடுகிறோம், இப்போதே கொடுத்துவிடுகிறோம் என்று கெஞ்சினேன்.

"எதுக்குக்கா பங்கு? வீடே இல்லைன்னு நீங்கதான சொன்னீங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று மத்தியானம் எழுத்தர் ஐயாவிடம் போய் அழுதேன். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. வழக்குப் போடலாம், இத்தனை வருடம் வாடகை கட்டிய ஆளுக்கு ஏதாவது உரிமை இருக்கும், ஆனால் வீடு தானாக விழவில்லை, நீங்களே கழற்றி, வீடு இல்லை என்று தாளும் எழுதியிருக்கிறீர்கள், அந்தத் தாளையே அவர்கள் காட்டுவார்கள் என்றார். வருடக்கணக்கில் இழுக்கும் என்றார். மதினியிடம் சொன்னேன். வழக்கு நடத்த எனக்குக் காலும் இல்லை, வருஷமும் இல்லை என்றாள்.

டிரைவர் விலகிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. குடியிருக்க இடமில்லாத தகரத்தை மூன்று லட்சத்துக்கு யார் வாங்குவார்கள்? தகரம், கதவு, சன்னல், நிலை எல்லாம் சேர்த்து நாற்பதாயிரத்துக்குப் போனது. அதில் இருபதாயிரத்தை டிரைவருக்குத் திருப்பிக் கொடுத்தாள். மிச்சம் இருந்த இருபதாயிரம்தான் அவளுடைய முப்பது வருடம்.

நான் மறுபடியும் கடைக்குப் போனேன். என் வீட்டுக்காரர் வேண்டாம் என்று சொல்லியும் போனேன். காய் பிரிக்கிற பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, தப்பு என்னுடையது, அவளைத் தண்டிக்காதீர்கள் என்று சொன்னேன். ஒரு வீட்டுக்கு விட்டுக்கொடுத்தால் அடுத்த வீடும் நிலையைக் கழற்றும் என்றார். அவர் சொன்னதும் உண்மைதான். நான் ஜெயித்திருந்தால் அடுத்த மாதமே இன்னும் இரண்டு வீட்டுக்கு இதே யோசனையைச் சொல்லியிருப்பேன். ஆனாலும் அந்த மனிதர்மேல் எனக்கு இருக்கிற கோபம் தீரவில்லை. காசு பத்தாத கிழவி அவள், ஏமாற்றுக்காரி இல்லை என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் செய்தார்.

பிறகு வளவில் யாரும் பத்துக்கு ஒன்றைப் பற்றி வாயைத் திறப்பதில்லை. இரண்டு வீடுகள் விற்றன. முழுப் பங்கையும் எண்ணி, கவரில் போட்டு, கடையில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மதினி வீடு இருந்த இடத்தில் என் பக்கத்துச் சுவரை விட்டு மற்றதைத் தட்டிவிட்டு, சாக்கு அடுக்க ஒரு கொட்டகை போட்டார்கள். அதைத் தாண்டித்தான் எல்லாரும் குழாயடிக்குப் போக வேண்டும். பத்துக்கு ஒன்று அநியாயம்தான் என்று இன்றும் எழுதுவேன், உழைக்காமல் வாங்குகிற பங்கு அநியாயம்தான். ஆனால் அதைச் சொல்ல இருந்த கொஞ்ச நஞ்சத் தைரியத்தையும் கெடுத்தவள் நான். இருபத்து மூன்று வீடும் சேர்ந்து கேட்டிருக்க வேண்டியதை, ஒரு வீட்டை வைத்து நான் சாமர்த்தியம் காட்டிப் பார்த்தேன். குழாயடியில் என்னைப் பார்த்தால் இப்போது எல்லாரும் வேறு பேச்சு பேசுகிறார்கள். யாரும் தாள் கொண்டுவருவதில்லை.

மதினியைப் பார்க்க நான் உடனே போகவில்லை. முகம் இல்லை. நான்கு மாதம் கழித்து, ஒரு கிலோ ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு சிலமலைக்குப் பஸ் ஏறினேன். இறக்கிய செங்கல்லை மாட்டுக் கொட்டத்துக்குப் பயன்படுத்தியிருந்தார்கள். மகள் காட்டு வேலைக்குப் போயிருந்தாள். மருமகன் கட்டிலில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். வாங்க என்று எழுந்து, எனக்கு நாற்காலி போட்டார். நல்ல பிள்ளைதான். மதினி கூடத்து மூலையில் சுருட்டி வைத்த பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. வளவில் ஒவ்வொருவர் பேரையும் சொல்லி விசாரித்தாள். கொட்டகையைப் பற்றிக் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அடுப்படி வாசல் வரைக்கும் போனவள் அங்கேயே நின்றாள். திரும்பி மருமகன் முகத்தைப் பார்த்தாள்.

"மாப்ளே, ஒரு வாய்க் காப்பி போட்டுக்கிறட்டுமா?"

அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், இதுக்கெல்லாமா கேட்பீர்கள், போடுங்கள் என்றார். அன்பாகத்தான் சொன்னார். அவள் ஒரே ஒரு டம்ளர் போட்டுக்கொண்டு வந்தாள். உங்களுக்கு எங்கே என்று கேட்டேன். இப்போதுதான் குடித்தேன் என்றாள். பால் சட்டி கழுவிக் கவிழ்த்து, காய்ந்து கிடந்ததை நான் வரும்போதே பார்த்திருந்தேன்.

பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்தாள், வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. புளியமரத்தடிக் கல்லில் உட்கார்ந்தோம். அங்கேதான் நான் அழுதேன். என்னால்தான் மதினி, என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இல்லை, உன் தப்பு இல்லை என்று சொல்வாள் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தேன். அதைக் கேட்கத்தான் பஸ் ஏறி வந்தேனோ என்னவோ.

"நீ கெட்டது நெனைச்சுச் சொல்லல, எனக்குத் தெரியும்" என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "ஆனாலும் ஆத்தா, இனிமே யாருக்கும் ரோசனை சொல்லாத."

சரி என்று தலையாட்டினேன். தூரத்தில் பஸ் திரும்புகிற சத்தம் கேட்டது. அவள் அதற்கு முன்பே எழுந்துவிட்டாள்.

"நான் வெரசாப் போகணும். டம்ளரைக் கழுவாம வச்சுட்டு வந்துட்டேன்."

நான் பஸ்ஸில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது, அந்தக் காலை வைத்துக்கொண்டு, முடிந்த மட்டும் வேகமாக நடந்துகொண்டிருந்தாள்.